ரேடியோப் பலகையும் ஒரு பற்றுச்சீட்டும்

படக்காரரின் லொறி மாதம் ஒரு தடவை எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வரும். பின்பக்கத்தைப் பலகையால் அடைத்து, தகரக் கூரை போட்டு, அதையே வீடாக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டுகிறவர். உள்ளே கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, படமெஷின், கூட்டம் சேரும்வரை பாட்டு வைக்க ஒரு பேட்டரி ரேடியோ. கொட்டகலையிலிருந்து ஏறி வரும் வளைவுகளில் அந்த ரேடியோ இரண்டு தடவை தட்டிலிருந்து விழுந்து வால்வு போய்விட்டது. தேக்கில் தாங்கி செய்து தர ஹட்டனில் ஓர் ஆசாரி கேட்ட கூலியைக் கேட்டு, பேசாமல் திரும்பி வந்துவிட்டாராம்.

நான் அப்போது எஸ்.எஸ்.ஸி. பாஸ் பண்ணிவிட்டு, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு வேலை கொடுக்க எந்தக் கந்தோரும் கதவு திறக்கவில்லை. லொறியில் ஏறிப்போய் மைக்கில் அறிவிப்புச் சொல்கிற வேலையாவது கிடைத்தால் போதும் என்று படக்காரரிடம் கேட்டேன்.

"ரேடியோவ ஆடாம நிக்க வச்சுக் காட்டு தம்பி. அடுத்த மாசம் மைக்கு ஒன் கையில," என்றார். பலகைக்கு என்ன செய்வது என்று நான் யோசித்தபோது அவரே வழியும் சொன்னார். "ஒங்கப்பா பேக்டரியிலதான இருக்காரு. ஒடஞ்ச பெட்டி கெடக்குமே."

அப்பா பேக்டரியில் தேயிலைப் பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிறவர். உடைந்த பெட்டிகள் விறகுக் குவியலுக்குப் போகும், அடுப்புக்கு வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அப்பாவும் இரண்டு பலகை கொண்டுவந்தார். மெல்லிய ஒட்டுப்பலகைதான். ஒன்றின் நரம்பு நீளமாகவும் மற்றதன் நரம்பு குறுக்காகவும் இருக்கும்படி வைத்து வச்சிரப் பசையால் ஒட்டினேன். பெட்டியின் விளிம்புத் தகரத்தையே மடித்து ஓரங்களில் அடித்தேன். பழைய லொறி டியூபை ஐந்து வாராக வெட்டி, நான்கில் கூரைச் சட்டத்திலிருந்து பலகையைத் தொங்கவிட்டேன். ஐந்தாவது வார் ரேடியோவின் இடுப்பைச் சுற்றி. கீழே மடித்த சாக்கு. படக்காரர் பலகை மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, பேக்டரி வளைவில் லொறியை இறக்கி ஏற்றினார். ஒரு வாய் தண்ணீர்தான் சிந்தியது. என் முதுகில் தட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். படித்தவன் முறையாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். 'பற்றுச்சீட்டு' என்று மேலே தலைப்பிட்டு, உடைந்த பெட்டிப் பலகை இரண்டு படம் காட்டும் லொறிக்காகப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதினேன். படக்காரர் கையெழுத்துப் போட்டார். பேக்டரியில் கொடுத்துவிடுங்கள் என்று அப்பாவிடம் நீட்டினேன்.

"என்னடா இது?"

"பற்றுச்சீட்டுப்பா."

அப்பா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். 

மறுநாள் சாயங்காலம் படம் தொடங்குமுன் டீமேக்கர் ஐயா செய்தி கேட்க லொறிக்குள் வந்தார். பேக்டரிக்குப் பெரியவர் அவர்தான். கட்டிலில் சாய்ந்தவர் மேலே பார்த்தார். பலகையின் அடிப்பக்கத்தில் எங்கள் தோட்டத்தின் பெயர் கறுப்பு மையில் தலைகீழாக இருந்தது. அடுப்புக்கு எடுக்கிற தோட்டத்துப் பலகை வெளி லொறிக்கு எப்படி வந்தது என்று கேட்டார். நான் தயங்கவேயில்லை, பற்றுச்சீட்டு இருக்கிறது, அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன் என்றேன். படக்காரர் ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். 

அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"சீட்டு எங்க?"

"அடுப்புல போட்டுட்டேங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பற்றுச்சீட்டு அப்பாவின் காதில் பத்துச்சீட்டு என்றுதான் விழுந்திருக்கும். தோட்டத்தில் பத்துச்சீட்டு என்றால் ஒன்றுதான்: தோட்டத்தை நடத்துகிற துரை ஆளை வேலையிலிருந்து நிறுத்தும்போது கையில் கொடுக்கிற கடுதாசி. அது கிடைத்தால் குடியிருக்கிற லயக் காம்பராவையும் காலி செய்ய வேண்டும். அந்தப் பெயருள்ள காகிதத்தைத் தன் கையாலேயே பேக்டரிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி மகன் சொல்லியிருக்கிறான்.

நான் படக்காரரைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டவர் அங்கேதான் நிற்கிறார். காகிதம் எரிந்தால் என்ன? அவர் ரேடியோவிலிருந்து கையை எடுத்தார்.

"பையன் அவனாத்தான் கொண்டாந்து மாட்டுனானுங்க. எந்தத் தோட்டத்துப் பலகைன்னு எனக்கு என்னங்க தெரியும்."

நீங்கள்தானே கேட்டீர்கள் என்றேன். என் குரல் எனக்கே பொய்க் குரல் போலக் கேட்டது. படம் முடிந்ததும் பலகையைக் கழற்றி பேக்டரியில் சேர்க்கச் சொல்லிவிட்டு டீமேக்கர் இறங்கிப் போனார்.

அவர் போனதும் படக்காரர் என் தோளைத் தொட்டார். "கோவிச்சுக்காத தம்பி. தொரை நம்மள உள்ள விடலேன்னா எனக்குப் பொழப்பே இல்ல. ஒங்கப்பாவுக்குன்னா எப்படியும் ஒரு வேல குடுத்துருவாங்க." அதை ஆறுதலாகவே சொன்னார். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

விடிவதற்குள் லொறி போய்விட்டது, பலகையோடு. பலகையைக் கழற்றி நாங்கள்தான் பதுக்கிவிட்டோம் என்று பேச்சு வந்தது. அப்பாவை நிறுத்தவில்லை, பேக்டரியிலிருந்து எடுத்துக் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட மலைக்குப் போட்டார்கள். லொறி அடுத்த மாதமும் வந்தது. மைக்கில் வேறு யாரோ பேசினார். நான் படம் காட்டுகிற மைதானத்துக்குப் போகவில்லை. பாட்டு மட்டும் ஒரு கரகரப்பும் இல்லாமல் லயம் வரைக்கும் வந்தது.

 அந்த ராத்திரி சோறு தின்றுகொண்டிருந்த அப்பா, தட்டைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்.

"கடையில குடுக்குறத ரசீதுன்னுதான சொல்றோம். நீயும் அப்புடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

ரசீது தமிழ்ச் சொல் அல்ல என்று பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையால் அடித்துப் பற்றுச்சீட்டு என்று திருத்தியிருந்தார்கள். அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? தெரியாமல் எழுதிவிட்டேன் என்றேன்.