எலுமிச்சம்பழத்தின் மேல் இறங்கிய கார்

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது, உங்கள் அம்மா படுக்கையை விட்டு எழுந்து வேலை செய்யவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டில் சம்பாத்தியம் என்னுடையது மட்டும்தான். செங்கம் ரோட்டில் ஒரு கார் ஷெட்டில் வேலை.

கீழ்பென்னாத்தூர் ரைஸ்மில்காரர் ஒருவர் பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றை அங்கே கொண்டுவந்தார். இரண்டே கதவு. ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடினதாம். இப்போது சின்னப் பள்ளத்துக்கே முன்பக்கம் கடகடவென்று ஆடியது. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளின் மூட்டில் ரப்பர் புஷ் இருக்கும். அதெல்லாம் தேய்ந்து வெடித்திருந்தது. சென்னையிலிருந்து புதுசு வரவழைத்தோம்.

புஷ் மாற்றினால், கார் தன் கனத்தோடு சக்கரத்தில் நிற்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

மில்காரரோ கையில் எலுமிச்சம்பழத்தோடு நின்றார். "நல்ல நேரத்துல சக்கரம் பழத்து மேல எறங்கணும். நசுக்கிட்டு நேரா கோயிலுக்கு. அதுக்கப்புறம் ஸ்பேனர் படக்கூடாது."

"ண்ணா, கீழ எறக்கித்தான் டைட் பண்ணணும்" என்று ஷெட்காரரிடம் மெல்லச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதாடா? பார்ட்டி சொல்றாரு. மேலயே முறுக்கு."

முறுக்கினேன். மாசம் திரும்புவதற்குள் அதே கடகடப்போடு கார் வந்து நின்றது. புஷ் கிழிந்திருந்தது.

ஷெட்காரர் முந்திக்கொண்டார். "இவன்தான் சார் போட்டான். எறக்கி டைட் பண்ணுடான்னு தலைபாடா அடிச்சிக்கினேன்."

"சார், நீங்கதானே எலுமிச்சம்பழம் வெச்சிட்டு..." என்றேன்.

"பாருங்கடா, சாமி மேலயே பழி போடுறான்!" என்றார் மில்காரர். அவரோடு வந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மறுபடி புது புஷ் போட்டேன். சக்கரங்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துக் காரை இறக்கிவிட்டு, போல்ட் முறுக்க அடியில் நுழைந்தேன்.

"வெயிட் வேணுமாமே இவனுக்கு. ஏறுங்கடா!"

மில்காரரும் அந்த இரண்டு பேரும் பானெட்டில் உட்கார்ந்து குதித்தார்கள். குதிக்கக் குதிக்க இரும்பு வந்து என் நெற்றியில் இடித்தது. "போதுமாடா? இன்னும் ஜாஸ்தி வேணுமா?" ஷெட்காரர் சிரித்த சிரிப்புதான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது. நான் போல்ட்டை முறுக்கிக்கொண்டே இருந்தேன். வேலை போய்விடக் கூடாது என்பதே நினைப்பாக இருந்தது.

கார் சத்தமில்லாமல் ஓடியது. மில்காரர் ஷெட்காரரின் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார்.

"நாளைலேர்ந்து வராத" என்றார் ஷெட்காரர்.

"ண்ணா, வீட்ல அவ படுத்த படுக்கையா கிடக்கிறா."

"நானா படுக்கச் சொன்னேன்?"

ரத்தத்தையும் கிரீஸையும் கழுவக் குழாயடிக்குப் போனேன். "சோப்பை வெச்சிட்டுப் போ. அது ஷெட்டுது" என்று பின்னாலேயே குரல் வந்தது.

அடுத்த வாரமே உங்கள் அம்மா எழுந்து கடலை உரிக்கப் போனாள். மூத்தவளே, நீ குறைமாதத்தில் பிறந்தாய். அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். இனி யாராவது பேசினால் இதைப் படித்துக் காட்டு.