உபதேசியார் பிடுங்கிய பீஸ் கட்டை

உபதேசியார் மரியதாஸ் இறந்த செய்தியை ஜீப் ஓட்டுநர் சாலையிலிருந்தே கத்திச் சொன்னார். நான் ஏலச்செடிக்கு அடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க எதிராளி போயிட்டாரு, அண்ணாச்சி!"

சரியாகத்தான் சொன்னார். சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தில் கடைசிவரை என்னோடு மல்லுக்கு நின்றவர் அவர் ஒருவர்தான்.

ஞாயிறு ஜெபம் முடிந்ததும், புத்தர் குரங்காகவும் மானாகவும் பிறந்த கதைகளை அவர் சொல்வது வழக்கம். கோயில் கமிட்டியார் முகம் சுளித்தால், "கதைக்கு எதுக்குவே ஞானஸ்நானம்?" என்பார். என் கோபம் வேறு. நான் பள்ளிக்கூடம் போகாதவன். பொட்டலத் தாளில் எழுத்துக்கூட்டிப் படித்தவன். தோட்டத்தில் மரம் விழுந்து என் அப்பா செத்தபோது, "போன ஜென்மத்துப் பாவம்" என்று சொல்லி மேலாளர் கைகழுவியதை நான் மறக்கவில்லை. அதை மரியதாஸிடம் சொன்னேன்.

"அடுத்தவன் கஷ்டத்துக்குக் காரணம் சொல்றதுக்கில்லவே வினை. நம்ம கை என்ன செய்யுதுன்னு பாக்கதுக்கு" என்றார். நான் ஒப்பவில்லை.

போன கோடையில் ஒற்றை யானை ஒன்று லயத்துக்கு வரத் தொடங்கியது. இரண்டு வீடுகளை இடித்தது. அடுத்தது என் வீடு. வனத்துறை ஆபீசில் புகார் சொன்னேன். "நோக்காம்", பார்க்கலாம், என்று மலையாளத்தில் சொன்னதோடு சரி, ஒருவரும் வரவில்லை. ஒரு சாயங்காலம் நானே வீட்டுக்குப் பின்னால் கம்பி கட்டி, கரண்ட் கொடுக்கப் போனேன். மரியதாஸ் மீட்டர்ப் பலகையை மறித்து நின்றார். மேட்டில் மூங்கில் முறியும் சத்தம் கேட்டது.

"மான் தண்ணி குடிக்கிற துறையில ஒரு குரங்கு முள்ளு போட்டுச்சாம்..."

"யானை வார நேரத்துல கதையாவே? தள்ளும்!"

"கோடையில மத்த துறையெல்லாம் வத்திப்போச்சு. குரங்கோட குட்டி அங்கதான் ஓடுச்சு. முள்ளுக்கு யாரு காலுன்னு தெரியாதுவே."

சொல்லிக்கொண்டே பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டார். லயமே இருண்டது. நான் அவர் சட்டையைப் பிடித்தேன். அதற்குள் என் அடுக்களைச் சுவர் விழுந்தது. தகரம் தட்டி, பந்தம் காட்டி, ஒருவழியாக யானையைத் துரத்தினோம். கொல்லைப்புறம் ஓடிய என் மனைவி செல்லம்மாவைத் தேடி டார்ச் அடித்தேன். சாய்ந்து கிடந்த கம்பியின் மேல், ஈரத்தில், வெறுங்காலோடு நின்றாள்.

மறுநாள் என் சுவருக்குக் கல் சுமந்து வந்தார் மரியதாஸ்.

"உம்ம கதை பலிச்சிருச்சுன்னு நெனைப்போ?" என்றேன்.

"முற்பிறவி வரைக்கும் போவானேன்வே? நேத்துச் சாயங்காலம் கம்பி கட்டுனது நீருதான? கல்லைப் பிடியும்."

செல்லம்மா பிழைத்தது தற்செயல் என்றே இன்றும் சொல்வேன். என் சுவர் இடிந்ததற்கு எவரும் பொறுப்பேற்கவில்லை. அந்தக் கோபமும் ஆறவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவர் மகள், அன்று அவர் பிடுங்கிய பீஸ் கட்டையை என் கையில் வைத்தாள். "'அவரு பிடிவாதக்காரரு, கேட்டு வருவாரு, குடுத்துரு'ன்னு அப்பா சொல்லியிருந்தாக, மாமா."

லயத்துக்கு வேறு கட்டை போட்டு நாளாயிற்று. இது எதற்கும் உதவாது. நேற்று மறுபடி யானை வந்தது. கம்பி பரணில் சுருண்டு கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை. செல்லம்மாவோடு நின்று தகரம் தட்டினேன். கட்டை என் சட்டைப்பையில் இருந்தது.