மேரி கேட்ட கேள்வி

இன்னைக்கு தேனி பஸ் ஸ்டாண்டில் மேரியைப் பார்த்தேன். எண்பதுகளில் மதுரையில் என்னோடு உளவியல் ஆலோசனை எம்.ஏ. படித்தவள். போடி ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் மகள்.

பார்த்ததும், படிக்கிற காலத்தில் ஒருநாள் நாங்கள் ஏறிய கம்பம் போகிற பஸ்தான் நினைவுக்கு வந்தது. லீவுக்கு இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மேரிக்குப் பக்கத்தில் ஒரு அக்கா சத்தமில்லாமல் அழுதபடி வந்தார். உத்தமபாளையம் நெருங்கியதும் கண்டக்டரிடம், "ஆத்துப் பாலத்துல இறக்கி விட்ருங்க" என்றார்.

சாக நினைக்கிறவர்களிடம் அதை நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் கூடிவிடாது என்று வகுப்பில் படித்திருந்தோம். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. மேரி மெதுவாகக் கேட்டாள்.

"செத்துப் போயிரலாம்னு தோணுதாக்கா?"

அந்த அக்கா, "ஆமா தாயி. இம்புட்டு நாளா ஒருத்தரும் கேக்கலையே" என்று மேரி தோளில் சாய்ந்தார்.

பாலத்தில் அவர் இறங்கவில்லை. அனுமந்தன்பட்டியில் அவருடைய தங்கச்சி வீடு வரை கூடவே போய், விவரம் சொல்லி ஒப்படைத்துவிட்டு வந்தோம்.

இன்னைக்குக் கேட்டேன், "அன்னைக்கு உனக்குப் பயமே இல்லையாடி?"

"பயந்துதான உன் கையப் பிடிச்சிருந்தேன். நகம் பதிஞ்சும் நீ மூச்சு விடல."

அந்தக் கேள்வியில் என் பங்கு அவ்வளவுதான். அப்படி நேராகக் கேட்கிற ஆள் உங்களுக்கு யாராவது உண்டா?