அண்ணியின் முரடன்

என் அண்ணிக்குப் பகலெல்லாம் சலவைக் கடையில் வேலை. வருகிற துணிக்குச் சீட்டு குத்துவது, கறையைப் பார்த்துப் பிரிப்பது, சட்டைப் பையில் மறந்துபோன சாவியை எடுத்து வைப்பது. ஆள் வராத நேரத்தில் கைப்பேசியில் தொடர்கதை எழுதுவாள். பள்ளிக்கூடக் காதல் கதைதான். நாயகனை எல்லோரும் முரடன் என்பார்கள். நாயகியின் பையைப் பிடுங்குவான், அவள் வரைந்த படத்தைக் கிழிப்பான், வேறு பையனோடு பேசினால் கையை முறுக்குவான். எல்லாம் காதலாம். "நம்ம வீட்டுப் பக்கம் வந்தான்னா விளக்குமாறு பிஞ்சிடும்" என்று நான் சொன்னால், நாத்தனாருக்கு ரசனை பத்தாது என்று சிரிப்பாள். படிக்கிறவர்களோ முரடன் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். எப்போது திருந்துவான், எப்போது கல்யாணம் என்று தினமும் நச்சரிப்பு.

எழுத்துப்பிழை பார்ப்பது அவள் மகள். பள்ளியில் கடைசி வருஷம். அம்மாவைவிடத் தமிழ் சுத்தம், வாயும் கொஞ்சம் நீளம்.

ஒரு சாயங்காலம் நானும் கடையில் இருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த மகளின் சட்டைக்கை மேலேறி, மணிக்கட்டில் நீலம் பாரித்திருந்தது தெரிந்தது. கூடப் படிக்கிற பையனாம். மழைக்கு வேறொருவன் குடைக்குள் நின்றாள் என்று பிடித்து முறுக்கினானாம். எனக்கு ரத்தம் கொதித்தது. இனி அவனோடு பேச்சே கூடாது என்றாள் அண்ணி.

"உரிமையிலதான் பிடிச்சான். உன் முரடன் செஞ்சா காதல், இவன் செஞ்சா மட்டும் தப்பா?"

மகள்தான் வெடுக்கென்று கேட்டாள். பாவம், அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகு மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தாள். அண்ணியும் வற்புறுத்தவில்லை. கடைசி அத்தியாயத்தை எழுதி, வழக்கம்போல அவளிடமே நீட்டினாள். முரடன் திருந்திவிட்டான். மெய்யாகவே அழுது மன்னிப்புக் கேட்கிறான். நாயகி முழுக்கக் கேட்டுவிட்டு, நன்றாக இரு என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவ்வளவுதான். படிக்கிறவர்கள் திட்டித் தீர்ப்பார்கள் என்று அண்ணிக்கும் தெரியும்.

மகள் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அதான் திருந்திட்டானே. அப்புறம் இவ ஏன் போறா?"

"திருந்தினா அவனுக்கு நல்லது. அதுக்கு இவளைப் பரிசாக் கொடுக்கணுமா?"

அண்ணி மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைக் கோதிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பையன் ஸ்கூலுக்கு வராத அன்னைக்கு உனக்கு எப்படிம்மா இருக்கும்?"

திட்டுதான் விழும் என்று அவள் நினைத்திருப்பாள் போல. கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

"நிம்மதியா இருக்கும்மா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். அண்ணியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். மறைப்பானேன், நானும் அழுதேன்.