வோபர்ன் மண்டபத்தில் ஓகூன்

சனிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு ரூஜிலுள்ள அக்கா வீட்டிலிருந்து காரில் புறப்பட்டோம். வோபர்னுக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவு. நெரிசலில் அரை மணி பிடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவைப் பார்க்க வந்திருந்த என்னை, அவளோடு வேலை செய்யும் மார்லீன் விருந்துக்கு அழைத்திருந்தாள். மார்லீன் திரினிடாட்காரி, ஒரிஷா சமயத்தவள். ஒரிஷாக்கள், அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்ட ஆபிரிக்கர் கைவிடாத தெய்வங்கள். அந்த வழிபாட்டுக்குக் கியூபாவில் லுக்குமி என்றும் பிரேசிலில் கந்தோம்பிளே என்றும் பெயர். வெளியார் எல்லாவற்றையும் சேர்த்துச் சூனியம் என்பார்கள். அன்று இரும்புக்குரிய தெய்வமான ஓகூனுக்கு விருந்து. மண்டபம் ஒழுங்குசெய்தவர் அத்தான். தமிழ் மண்டபக் கொமிற்றியில் அவரும் ஒருவர்.

இரண்டு மணிக்கு உள்ளே நுழைந்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக், வரிசையாய் நாற்காலிகள், மேடையில் 'ஆபிரிக்க நடன விழா' என்று தமிழில் பதாகை. போதாக்குறைக்கு மார்லீனின் தோளில் பொன்னாடை.

"வேற சமயத்துப் பூசைக்குக் கொமிற்றி ஹோல் தராது, பிள்ளை. அதுதான் கலாசாரம் எண்டு சொல்லி எடுத்தனான்," என்றார் அத்தான், பெரிய உபகாரம் செய்த முகத்தோடு. மார்லீனிடம் அவர் மூச்சும் விடவில்லை.

அத்தான் வழக்கப்படி மேடையில் மங்கள விளக்கேற்றி, கும்பிட்டுவிட்டு இறங்கினார். மேளக்காரர்கள் காத்திருக்க, மார்லீன் தரையில் மெழுகுவர்த்தியை ஊன்றித் தீக்குச்சியை எடுத்தாள். அத்தான் ஓடிவந்து மறித்தார்.

"உது பூசை! விடேலாது."

"அப்ப நீங்கள் இப்ப ஏத்தினது?" என்று கேட்டேன்.

"அது எங்கட கலாசாரமெல்லோ."

"கலாசாரமெண்டால் ஊதி அணையுங்கோ பாப்பம்."

"விசர்க்கதை கதையாதை! சாமி விளக்கை ஆரும் ஊதுவினமோ?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோமென்று அவருக்கு உறைத்தது. ஆனாலும் கொமிற்றித் தலைவருக்குப் போன் எடுத்தார். முடியாது என்று பதில் வந்தது.

என்ன சண்டை என்று மார்லீன் கேட்டாள். ஒன்றையும் மறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் பொன்னாடையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தாள்.

"இந்த வெளிச்சம் இல்லாமல் மேளத்தில் கை வைக்க மாட்டோம். ஓகூனை ஆடிக்காட்ட நான் வரவில்லை," என்றாள்.

மேளங்களும் சோற்றுச் சட்டிகளும் வெளியே நின்ற வான் வண்டிக்குத் திரும்பின. நானும் சட்டி தூக்கினேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நல்ல மனுசி. கோவிச்சுப்போட்டா," என்றார் அத்தான் காரில். எங்கள் வைரவரைக் கும்பிடுவதைப் பேய் வணக்கம் என்று எழுதிய வெள்ளைக்காரப் பாதிரிமாரை ஊரில் இன்றைக்கும் திட்டுகிறோம். அவர்களாவது அதை வணக்கம் என்று எழுதினார்கள்.