வராத லிப்டின் செயலாளர்

வாழ்க்கையில் நான் வகித்த ஒரே பதவி, இல்லாத ஒரு லிப்டுக்குச் செயலாளர். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

போன வாரம் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஜவுளிக்கடை லிப்டில் ஏறினேன். பக்கத்தில் நின்ற பெண்ணின் தூக்குச்சட்டியிலிருந்து சொதி மணம். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் மூக்கில் ஏறியதுமே ‘கோமதியக்கா!’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டாள்.

அவளுக்கு என்ன தெரியும்? அதே இடத்தில்தான் தொண்ணூறுகளில் எங்கள் நாலு மாடிக் குடியிருப்பு நின்றது. கட்டியவர் லிப்டுக்குக் கீழிருந்து மேல்வரை பொந்து விட்டிருந்தார்; லிப்ட் மட்டும் ‘அடுத்த மாசம்’ என்றே இருந்தது. அந்தப் பொந்துதான் எங்களுக்கு டெலிபோன், தபால் எல்லாம். கீழ்வீட்டில் சொதி கொதித்தால் மணம் முதலில் நாலாம் மாடிக்குப் போகும். பின்னாலேயே கயிறு கட்டிய வாளியில் சொதியும் போகும்.

மேலே நின்று வாளியை இழுப்பவள் நாலாம் மாடிக் கோமதியக்கா. ஜாக்கெட் தைப்பவள், துணியும் வாளியில்தான் போய்வரும். மூச்சிரைப்புக்காரி. மாடிப்படி ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து மூன்று வருஷமாகத் தரையை மிதிக்கவில்லை.

“ஆனித்தேருக்கு வடத்தை ஒரு தடவ தொட்டுட்டா போதும் தம்பி” என்று பொந்து வழியாகக் குரல் வரும்.

லிப்ட் விவகாரத்துக்குக் குடியிருப்பில் என்னைத்தான் செயலாளராகப் போட்டிருந்தார்கள்; தேருக்குள் லிப்ட் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தேன். கம்பெனிக்கு நான் எழுதிய கடிதங்களில் நடை பிரமாதமாக இருந்தது, பதில்தான் வரவில்லை. மூன்றாம் மாடி பேங்க் அண்ணாச்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “என்ன வே செயலாளரே, லிப்டு கோயில்பட்டி தாண்டிட்டா?” என்பார்.

தேரன்று காலை, வெட்கம் தாங்காமல், அண்ணாச்சியையும் இன்னும் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு பிரம்பு நாற்காலியோடு அக்கா வாசலில் போய் நின்றேன். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

“பையப் போவும் வே, மேல ஆளு இருக்கு!” என்று அண்ணாச்சி அதட்ட அதட்ட, நாலு மாடியும் இறக்கினோம். அங்கிருந்து தேரோடும் டவுனுக்கு ஆட்டோ. அக்கா வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, தேரையே நான்தான் நிலைக்குச் சேர்த்த மாதிரி எனக்குப் பெருமை. அப்புறம் கூட்டத்தில் நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு திசை. சாயங்காலம் வந்தால் அக்கா நாலாம் மாடியில் இருந்தாள். எப்படி ஏறினாள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்று அங்கே மூன்று லிப்டுகள். பொந்து இல்லை, வாளி இல்லை, மாடிக்கு மாடி பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அக்கா பாளையங்கோட்டையில் தரைவீட்டில் இருக்கிறாள். நேற்றுப் போயிருந்தேன். “அன்னைக்கு ஒங்கள நாலு மாடி எறக்குனோமே!” என்று ஆரம்பித்தேன்.

காப்பியை நீட்டியபடி சொன்னாள்: “எறங்குததுக்கு எனக்கு என்னத்துக்குத் தம்பி ஆளு? இரைப்புக்காரிக்கு ஏறத்தான் முடியாது. நாலு பேரும் ஆசையா நாற்காலியத் தூக்கிட்டு வந்து நின்னியளே, மூஞ்சி வாடிரக்கூடாதேன்னு உக்காந்தேன்.”