கொம்பனும் கப்பல் தலைவி நீலியும்

ராயபுரத்தில் கயிறும் தார்ப்பாயும் மொத்த விலைக்கு விற்கிற தவசிமணியின் மகன் ஜெபின். பி.காம். படித்தவன், தங்கமான பிள்ளை. ஒரே ஒரு கோளாறு, எதற்கும் கேட்ட மாத்திரத்தில் சரி என்று சொல்ல மாட்டான். ஆட்டோக்காரர், கீரைக்காரம்மா, ஏன், பல் டாக்டர்கூடத் தப்பியதில்லை. நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்தபடியே பேரம் பேசியவன் என்று தெருவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். பழி முழுவதும் அவன் மேல் இல்லை. நாசரேத் பக்கமிருந்து பிழைக்க வந்த தவசிமணி, "ஒடனே தலையாட்டிராத. யோசிக்கிற மாதிரியாவது நில்லு" என்று சொல்லிச் சொல்லியே மகனை வளர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் இந்த ஜெபின் கொம்பன் என்கிற குள்ள வியாபாரியாகிவிடுவான். பழைய வண்ணாரப்பேட்டையில் செல்போன் பழுது பார்க்கும் யாசின் வீட்டு மொட்டைமாடியில் நாலு பேர் கூடுவார்கள். யாசின் கதை சொல்லுவான். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லி, இருபது முகப் பகடையை உருட்டி, அது பலித்ததா இல்லையா என்று பார்ப்பார்கள். யாசினின் தங்கை தஸ்னீம் மந்திரக்காரி. பெர்சிஸ், நீலி என்கிற கப்பல் தலைவி. நிஜத்தில் பெர்சிஸுக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில், வாசலில் நின்று லாரிகளை உள்ளே விடுகிற வேலை. அத்தனை லாரிக்காரர்களையும் ஒரே அதட்டலில் வரிசைக்குக் கொண்டுவருகிறவளுக்குக் கப்பலை நடத்துவதா பெரிய காரியம்?

கதை நடப்பது கருங்கழி என்கிற துறைமுகப் பட்டணத்தில். மாயாஜால ஊர் என்று யாசின் பெருமையடித்துக்கொள்வான். ஆனால் அங்கேயும் காசிமேட்டு மீன் வாசம்தான் அடிக்கும், ஒட்டக வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டுதான் நிற்கும். ஊருக்கு வெளியே குகையில் டிராகன் காத்திருக்கும். கொம்பனோ கடைவீதியை விட்டு நகர மாட்டான்.

"மாமு, அந்த டிராகன் ரெண்டு வாரமா பசியோட ஒக்காந்துகினு கீது" என்று யாசின் கெஞ்சுவான்.

"குந்தட்டும். இந்த ஆளு மொளகு வெலய கொறச்சதும் வரேன்."

பெர்சிஸ் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் சிரிக்கிறாள் என்பதற்காகவே இவன் இன்னும் இழுப்பான். கொம்பன் வாங்குகிற சரக்கெல்லாம் நீலியின் கப்பலில்தான் ஏறும். சுங்கக்காரனை அவள் மிரட்ட, இவன் குழைய, சரக்கு வெளியேறிவிடும். இரண்டு வருஷமாக இந்தக் கூட்டு வியாபாரம். ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர் என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் இருவருக்கும் துப்பில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, பெர்சிஸ் பகடையை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு நீலியாகப் பேசினாள்.

"கொம்பா, கப்பலு நாளைக்கு கெளம்புது. இனிமே இந்த ஊருக்கு வராது. என்ன கட்டிக்கினு கூட வரியா?"

இது யாசின் போட்டுவைத்த கதையில் இல்லை. அவன் ஜெபினைப் பார்த்தான். தஸ்னீம் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். ஜெபினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அந்தப் பாழாய்ப்போன வாய் பழகிய வழியிலேயே போனது.

"வந்தா எனக்கு இன்னா கெடைக்கும்? லாபத்துல பாதியா?"

பெர்சிஸின் முகம் சுண்டிப்போனது. "நீலி தனியாவே போய்ட்டா" என்று பகடையைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

"கதைலதான கேட்டா?" என்றான் ஜெபின் பரிதாபமாக.

"லூசு. வர்ற ஞாயித்துக்கெயம அவள பொண்ணு பாக்க நாகர்கோவில்லருந்து வராங்க" என்றாள் தஸ்னீம். "பஹ்ரைன் மாப்ள. வூட்ல சரின்னு சொல்லுன்னு ஒரே பேஜாரு. அதுக்கு முன்னால உன்ன ஒரு வார்த்த கேட்டுப் பாத்தா. நீ பங்கு கேக்குற."

அன்று முழுக்கப் போன் அடித்தான். அவள் எடுக்கவில்லை. பயந்துவிட்டான் ஜெபின். பேரத்தில் எத்தனையோ சரக்கு கைநழுவியிருக்கிறது, ஒன்றுக்கும் அவன் அழுததில்லை. அன்றைக்கு அழுதான்.

மறுநாள் காலை கடை திறந்ததும், எண்ணூருக்கே போய் யார்டு வாசலில் அவளைப் பிடித்துவிடுவது என்று பைக் சாவியை எடுத்தான். நிமிர்ந்தால் பெர்சிஸே கடைக்கு முன்னால் நிற்கிறாள், வேலைக்குப் போகிற கோலத்தில்.

கல்லாவில் இருந்த தவசிமணி, "வாம்மா, என்ன கயிறு வேணும்?" என்றார்.

"கயிறு வாங்க வரல அங்கிள்" என்றவள் ஜெபினிடம் திரும்பினாள். "நீலி, கொம்பன்லாம் வுடு. பெர்சிஸ் கேக்குறேன். என்ன கட்டிக்கிறியா?"

ஜெபின் அப்பாவைப் பார்த்தான். அப்பா மகனைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். வந்த கோபத்தைக் காட்டிலும் அவருக்குக் கடை நினைப்புதான் பெரிதாக இருந்தது. அன்றைக்கு இன்னும் போணியாகவில்லை. நாளின் முதல் வியாபாரத்தில் எப்பேர்ப்பட்ட கஞ்சனும் முறுக்கிக்கொள்ள மாட்டான். வந்தவர் முகம் வாடித் திரும்பினால் அன்றைய பொழுதே விளங்காது.

"ஏல, போணி நேரத்துல வந்த பிள்ளைய நிக்க வச்சு இழுக்காத" என்றார். "உண்டா இல்லையா, வாயத் தொறந்து சொல்லு."

"சரி" என்றான் ஜெபின். "நேத்தே சரிதான் பெர்சிஸ். என் வாயிதான் கலீஜ் வாயி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தவசிமணி ஒரு வாய் தண்ணீர் குடித்தார். குடித்து முடிப்பதற்குள் அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான்.

"சரி, இவ அப்பாகிட்ட நான் பேசுதேன். நம்ம பக்கத்து வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா. நகை என்ன, ரொக்கம் என்ன..."

"பொண்ண மட்டும் கேளுங்கப்பா. வேற எதுவும் கேக்காதீங்க."

"எதுவுமேவா?"

"எதுவுமே."

தவசிமணிக்கு மனசு ஆறவில்லை. "ஒரு பீரோகூடவால?"

"பெர்சிஸே வராப்பா" என்றான் ஜெபின். "அதுக்கு மேல இன்னா வோணும்?"